வைட்டமின் பி3 சாப்பிட்டால் தோல் புற்றுநோய் வராதாமே?

கேள்வி, 4 அக்டோபர் 2025

பிரிஸ்பேனுக்கு வந்து சில வருஷம் ஆகிறது. ஆபீசில் பக்கத்து சீட்டு வெள்ளைக்காரருக்கு மூக்கில் ஒரு தடவை, காதில் ஒரு தடவை தோல் புற்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள். போன மாதம் வந்த செய்தியைக் காட்டி, வைட்டமின் பி3 சாப்பிட்டால் தோல் புற்றுநோய் பாதியாகக் குறைந்துவிடும், நீயும் சாப்பிடு என்கிறார். மருந்துச் சீட்டே தேவையில்லை. ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். மலிவு என்பதால்தான் டாக்டர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை போல. குழந்தைகளுக்கு எத்தனை கொடுக்கலாம்?

4 அக்டோபர், இரவு

குழந்தைகளுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

5 அக்டோபர்

நான் டாக்டர் இல்லை. மோஸ் அறுவை (தோல் புற்றை அடுக்கடுக்காக வெட்டி, அப்போதே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை) நடக்கும் இடத்தில் லேப் வேலை. வெட்டி எடுத்த தோலை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாக்கிக் கொடுப்பேன். மருந்து எழுதித் தரும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மூக்கும் காதும் இமையோரமும் என் மேஜைக்கு வந்துகொண்டே இருப்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

டாக்டர்கள் வாய் திறப்பதில்லை என்பது தப்பு. இந்த மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்ததே சிட்னி டாக்டர்கள்தான். டயோனா டேமியன் குழு, ஆன்ட்ராக் என்ற ஆய்வு, 2015இல் வெளியானது. மொத்தம் 386 பேர். அதற்கு முந்தைய 5 வருஷத்தில் குறைந்தது இரண்டு தோல் புற்றுகள் வந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். சராசரி வயது 66. பாதிப் பேருக்கு பி3இன் ஒரு வடிவமான நிகோடினமைடு 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு வருஷ முடிவில் புதிதாக வந்த புற்றுகள் மாத்திரைக்காரர்களிடம் 23 சதவீதம் குறைவு. ஆளுக்குச் சராசரி 2.4 வந்த இடத்தில் 1.8.

இந்தக் கடைசி வரியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு வந்திருக்கிறது. ‘வராது’ என்று அதில் எங்கேயும் இல்லை. ஒரு வருஷத்துக்கு அப்புறம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள், அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

5 அக்டோபர், அப்புறம்

உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் காட்டிய செய்தி வேறு. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்தது, 33,000 பேருக்கும் மேல். மொத்தமாகப் பார்த்தால் 14 சதவீதக் குறைவு. முதல் புற்று வந்ததுமே ஆரம்பித்தவர்களில் மட்டும் 54. தலைப்பு போட்டவர் எதை எடுத்துக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையும் இல்லை, பழைய பதிவைப் புரட்டியது. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிற ஆள் தொப்பியையும் விடாமல் போடுகிற ஆளாக இருக்கலாம். அதைப் பதிவேடு சொல்லாது.

ஆனால் உங்கள் பக்கத்து சீட்டுக்காரருக்கு இந்த ஆய்வுகள் பொருந்தும். இரண்டு தடவை வெட்டியவர், அந்த 386 பேரோடு சேர்த்து உட்கார வைக்கக்கூடிய ஆள். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கூட்டத்தில் நாற்காலியே கிடையாது.

6 அக்டோபர்

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவருக்கு: புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் செல்லில் இரண்டு கெடுதல் நடக்கிறது. டிஎன்ஏ உடைகிறது, அதே சமயம் செல்லின் சக்தியும் தீர்ந்துபோகிறது. உடைந்ததை ஒட்டுவதற்குச் சக்தி வேண்டும். பி3 அந்தச் சக்திக்கான மூலப்பொருள். அதோடு, வெயில் பட்ட தோலில் நோய் எதிர்ப்பு கொஞ்ச நேரம் மந்தமாகும், அந்த மந்தத்தையும் இது குறைக்கிறது. சோதனைச்சாலையில் பார்த்தது இவ்வளவுதான். கேட்க அழகாக இருக்கிறது. கேட்க அழகாக இருந்த எத்தனையோ விஷயம் மனிதர்களிடம் பலிக்கவில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

7 அக்டோபர்

சிட்னியில் இருக்கும் மச்சானுக்குச் சிறுநீரக மாற்று நடந்திருக்கிறது, அவருக்குக் கட்டாயம் வேண்டுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான எண்ணம். மாற்று உறுப்பு வைத்தவர்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில்தான் வாழ்கிறார்கள், வெள்ளைத்தோல்காரர்களில் அவர்களுக்குத்தான் ஸ்குவாமஸ் என்ற வகைத் தோல் புற்று கொத்துக் கொத்தாக வருகிறது. ஒரே ஆளின் கை, தலை, காது என்று மாறி மாறி வரும் மாதிரிகளை நான் பார்க்கிறேன்.

அதே ஆஸ்திரேலியக் குழுவினர் அவர்களிடமே சோதித்தார்கள். 2023இல் முடிவு. 254 பேரைச் சேர்க்க நினைத்து 158 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்தில் மாத்திரைக் குழுவுக்கு 207 புதுப் புற்றுகள், வெறும் மாத்திரைக் குழுவுக்கு 210. அவ்வளவுதான் வித்தியாசம். சிறிய ஆய்வு என்பதால் துளியும் பலன் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மச்சானுக்கு ‘கட்டாயம்’ என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த எதிர்ப்புக்குறைப்பு மருந்தில் இருக்கிறார்? அசாதையோபிரின் தோலை வெயிலுக்கு இன்னும் நொய்மையாக்கும். ஸ்குவாமஸ் வந்த சிறுநீரக மாற்றுக்காரர்களை சைரோலிமஸ் என்ற வேறு எதிர்ப்புக்குறைப்பு மருந்துக்கு மாற்றினால் அடுத்தது வருவது குறைகிறது என்று 2012இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பக்கவிளைவால் பலர் பாதியில் விட்டதும் அதே ஆய்வில்தான். சிறுநீரக டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம், தானாக ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

9 அக்டோபர்

நியாசின் வாங்கிச் சாப்பிட்டு முகம் சிவந்து, உடம்பெல்லாம் எரிந்து, மாரடைப்போ என்று பயந்தவருக்கு: அது மாரடைப்பு இல்லை, நியாசினின் குணமே அது. நியாசின், நிகோடினமைடு இரண்டுமே பி3 என்ற பெயரில் விற்கப்படுகின்றன. நிகோடினமைடில் அந்தச் சிவப்பு வராது. ஆய்வில் கொடுத்தது நிகோடினமைடு. பாட்டிலின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

மனைவியின் முகத்துக்குப் போடும் சீரத்தில் நியாசினமைடு 10 சதவீதம் இருக்கிறது, அதை எடுத்துக் குடிக்கலாமா என்று ஒரு மகானுபாவர் கேட்டிருக்கிறார். நிகோடினமைடும் அதுவும் வேதிப்பொருள் ஒன்றுதான். குடித்தால் புற்றுநோயைவிட மனைவியிடம்தான் ஆபத்து அதிகம்.

10 அக்டோபர்

‘வைட்டமின்தானே, கெடுதல் என்ன?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2024இல் கிளீவ்லாண்ட் கிளினிக்கிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. உடம்பில் பி3 மிஞ்சிப்போனால் உண்டாகும் 4பிஒய் என்ற கழிவுப்பொருள் இரத்தத்தில் அதிகம் இருப்பவர்களுக்கு இதய நோயும் அதிகம் என்று. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆன்ட்ராக்கில் ஒரு வருஷத்தில் பெரிய பக்கவிளைவு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு வருஷம் 66 வயதுக்காரர் சாப்பிடுவதும், உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை ஆயுசு முழுக்கச் சாப்பிடுவதும் ஒன்றா? பின்னதை யாரும் சோதித்ததில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்து நாம் தொடங்க வேண்டாம்.

12 அக்டோபர்

‘அப்படியானால் நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோயே வராது, சன்ஸ்கிரீனைக் குப்பையில் போடலாம்’ என்று இங்கே பேச்சு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூவரில் இருவருக்காவது ஏதோ ஒரு தோல் புற்று வரும் என்பார்கள். அந்த இருவரில் பெரும்பாலும் நாம் இல்லை. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் நல்ல குடை. இதைச் சொல்ல இங்குள்ள ஆராய்ச்சியாளர்களுக்கே ரொம்ப நாள் ஆயிற்று. 1981லிருந்து ‘ஸ்லிப், ஸ்லோப், ஸ்லாப்’ (சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை) என்று பாடும் விளம்பரக் கடற்பறவை எல்லோருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது. இப்போதைய புது வழிகாட்டல் தோல் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறது: நல்ல கறுத்த தோல் உள்ளவர்கள் அன்றாடம் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை, நெடுநேரம் வெயிலில் நிற்கும்போது பார்த்துக்கொண்டால் போதும், அவர்களுக்கு வைட்டமின் டி குறைவுதான் பெரிய கவலை. நடுத்தர மாநிறத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் வீட்டிலேயே மூன்று நிறம் இருக்கும், எது யாருக்கு என்று ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) கேளுங்கள்.

ஆனால் நமக்கு வருவது பல சமயம் வெயிலுக்கே சம்பந்தமில்லாத இடத்தில் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. அக்ரல் மெலனோமா என்று பெயர், மெலனோமா என்பது நிறம் தரும் செல்லில் தொடங்கும், பரவக்கூடிய தோல் புற்று. கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் அதிகமாக இந்த வகைதான். குதிகாலில் ஆறாத புண், முள் குத்திய கறை, ஆணிக்கால் என்று மாதக்கணக்கில் கடத்திவிட்டு, நிணநீர்க் கட்டிக்குப் பரவிய பிறகு வருகிறார்கள். கால் நகத்தில் புதிதாக ஒரே ஒரு கருங்கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் ஏறினால், காத்திருக்க வேண்டாம். பல நகங்களில் மெல்லிய கோடு இருப்பது நம்மில் சகஜம், அதற்காக நடுராத்திரி எமர்ஜென்சிக்கு ஓட வேண்டாம்.

பி3 மாத்திரை இதைத் தடுக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. சன்ஸ்கிரீனும் தடுக்காது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். செலவில்லாத பரிசோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை.

13 அக்டோபர்

நேற்றிலிருந்து உள்ளங்கால் போட்டோக்களாக வந்து குவிகின்றன. தயவுசெய்து நிறுத்துங்கள். நான் பார்ப்பது கண்ணாடி ஸ்லைடு, கால் இல்லை.

18 அக்டோபர்

பலிக்காத மாத்திரைகளைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேனே.

பிரிஸ்பேனுக்கு வடக்கே நாம்பூர் என்ற ஊர். அன்னாசிப்பழ பொம்மையைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப் போவீர்களே, அதன் பக்கத்து ஊர்தான். 1992இல் அங்கே 1,621 பேரை எடுத்து அடேல் கிரீன் குழு ஒரு சோதனை நடத்தியது. பாதிப் பேர் தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், மீதிப் பேர் இஷ்டம்போல. அதே ஆட்களில் ஒரு பாதிக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. நாலரை வருஷம். சன்ஸ்கிரீன் பக்கம் ஸ்குவாமஸ் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. பேசல் செல் என்ற மற்றொரு வகைத் தோல் புற்று குறையவில்லை. அப்புறம் பத்து வருஷம் விடாமல் கவனித்தார்கள். மெலனோமா ஒரு பக்கம் 11 பேருக்கு, மறுபக்கம் 22 பேருக்கு. சன்ஸ்கிரீனைப் பற்றி இன்று உறுதியாகப் பேச முடிவது பெரிதும் அந்தச் சின்ன ஊரின் புண்ணியத்தால்.

கரோட்டின் மாத்திரை? ஒன்றும் செய்யவில்லை. இவர்களாவது தப்பித்தார்கள். பின்லாந்தில் 29,000 புகைபிடிக்கும் ஆண்களிடம் அதே பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது, 1994இல் வெளியானது. செலினியம் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் ஏற்கெனவே தோல் புற்று வந்த 1,312 பேருக்கு, இனி வராமல் இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். பிறகு முழுக் கணக்கையும் பார்த்தபோது ஸ்குவாமஸ் 25 சதவீதம் அதிகமாகியிருந்தது. தடுக்கக் கொடுத்த மாத்திரை, தடுக்க நினைத்ததையே வளர்த்தது. கேரட் நல்லது, மீன் நல்லது, சாப்பிடுங்கள். மாத்திரையாக்கினால் அது வேறு சரக்கு.

இந்தப் பட்டியலில் பி3 கொஞ்சம் தேறிய பிள்ளை. அதனால்தான் அதைத் திட்ட மனம் வரவில்லை.

25 அக்டோபர்

அம்மான் பச்சரிசிப் பால் தடவினால் மருவே உதிர்கிறது, தோல் புற்றும் உதிராதா என்று கேட்ட அண்ணனுக்கு.

கிண்டலாக எடுத்துக்கொண்டு சிரித்தவர்கள் இதைப் படியுங்கள். அம்மான் பச்சரிசி யூஃபோர்பியா குடும்பம். அதே குடும்பத்தில் இங்கே தோட்டத்துக் களையாக முளைக்கிற யூஃபோர்பியா பெப்லஸ் என்று ஒன்று. அதன் பாலை வெயில் திட்டுக்குத் தடவுவது குவீன்ஸ்லாந்துக்காரர்களின் பாட்டி வைத்தியம். பிரிஸ்பேனில் தொடங்கிய பெப்லின் என்ற கம்பெனி அந்தப் பாலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அது கை மாறி, பிகாட்டோ என்ற ஜெல்லாக 2012இல் அமெரிக்க அனுமதியும் பெற்றது. புற்றுக்கு முந்தைய சொரசொரப்புத் திட்டுகளுக்கு, இரண்டு மூன்று நாள் போட்டால் போதும். வாரக்கணக்கில் எரியும் மற்ற கிரீம்களைப் பார்க்கும்போது அது வரப்பிரசாதம்.

கதை அங்கே முடிந்திருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பார். ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஜெல் போட்ட இடத்திலேயே ஸ்குவாமஸ் புற்று மற்ற மருந்தைவிட அதிகமாக வந்தது. 2020இல் ஐரோப்பாவில் விலக்கிக்கொண்டார்கள். பாட்டி சொன்னதில் சத்து இருந்தது. அந்தத் திட்டு உதிர்ந்ததும் உண்மை. மூன்று வருஷம் கழித்து அதே இடத்தைத் திரும்பிப் பார்க்கத்தான் பாட்டியிடம் ஆள் இல்லை.

2 நவம்பர்

இதையே சாக்காக வைத்து ‘பிளாக் சால்வ்’ களிம்பை இணையத்தில் வரவழைக்கலாமா என்று ஒருவர். கூடாது. அதில் இருப்பது துத்தநாகக் குளோரைடும் பிளட்ரூட் என்ற வேரும். நல்ல தோல், கெட்ட தோல் பார்க்காமல் அரிக்கும். மேலே கருகி விழுந்து, தழும்பு மூடி, அடியில் புற்று பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். மூக்கின் ஒரு பக்கமே இல்லாமல் வந்தவரின் மாதிரியைச் சீவியிருக்கிறேன், அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

வேடிக்கை என்னவென்றால் என் பிழைப்பே அந்தத் துத்தநாகக் குளோரைடில்தான் தொடங்கியது. 1930களில் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் மோஸ், கட்டிக்குள் அதைச் செலுத்தினால் திசு செத்தாலும் மைக்ரோஸ்கோப்பில் உருவம் கலையாமல் இருப்பதைக் கண்டார். அதனால் களிம்பைத் தடவி, மறுநாள் ஒரு அடுக்கை வெட்டி, அடிப்பரப்பு முழுவதையும் பார்த்து, புற்று மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி தடவினார். அவர் களிம்பிலும் அதே வேர் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் மைக்ரோஸ்கோப்தான். 1970களில் களிம்பை விட்டுவிட்டு, உறைய வைத்துப் பார்க்கும் முறைக்கு வந்துவிட்டார்கள்.

2 நவம்பர், தொடர்ச்சி

அடிப்பரப்பு முழுவதும் என்றால் என்ன என்று கேட்டதால். வழக்கமான லேபில் வெட்டிய துண்டை ரொட்டி போல ஸ்லைஸ் போட்டு, சில ஸ்லைஸை மட்டும் பார்ப்பார்கள். இரண்டு ஸ்லைஸுக்கு நடுவில் ஒரு வேர் ஓடியிருந்தால் தெரியாது. மோஸில் டாக்டர் கிண்ணம் மாதிரிச் சரிவாக வெட்டித் தருவார். நான் ஓரங்களுக்கு நீலம், சிவப்பு என்று மை பூசி, ஓரமும் அடியும் ஒரே தளத்தில் படிகிற மாதிரி அமுக்கி உறைய வைத்துச் சீவுவேன். விளிம்பு முழுவதும் ஒரே ஸ்லைடில் வந்துவிடும். சொல்வது சுலபம். கொழுப்பு சரியாக உறையாது, பிளேடில் குழைந்து ஓட்டை விழும். அந்த ஓட்டையில் புற்று இருந்ததா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? திரும்பச் சீவ வேண்டும். மூக்கு நுனி பரவாயில்லை, கன்னம்தான் கொழுப்புச் சனியன்.

9 நவம்பர்

இந்தியாவில் தோல் புற்றே இல்லை என்றவருக்குச் சுருக்கமாக. காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் வைக்கும் காங்ரி நெருப்புச் சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் வருகிறது. வேட்டியை ஆண்டுக்கணக்கில் இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் வருவதை மும்பையில் கனோல்கர் 1945லேயே எழுதினார். பின்னர் புடவை, பாவாடை நாடாவாலும் வருவதாகப் பதிவானது. அபூர்வம்தான். ஆனால் அம்மாவுக்கு இடுப்பில் நாடா படும் இடத்தில் தோல் நிறம் மாறித் தடித்து, ஆறாத புண் இருந்தால் தேங்காய் எண்ணெயோடு நிறுத்தாதீர்கள். பழைய தீக்காயத் தழும்பில் புதுப் புண் வந்தாலும் அப்படித்தான். மேற்கு வங்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்று ஆர்செனிக் தனிக்கதை.

அப்புறம், பிறவியிலேயே மெலனின் இல்லாமல் வெண்தோலோடு பிறக்கும் நம் பிள்ளைகள். 12ஆம் தேதி நான் சொன்ன குடை அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்குத் தொப்பியும் முழுக்கையும் சன்ஸ்கிரீனும் சிறு வயதிலிருந்தே வேண்டும், சென்னையானாலும் பிரிஸ்பேனானாலும். ஊரில் அவர்களுக்கு சன்ஸ்கிரீனை அழகுசாதனம் என்று வாங்கித் தராமல் விடுகிறார்கள், கோபம் வருகிறது.

16 நவம்பர்

இவ்வளவு பேசியும் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவும் சிகிச்சை) பக்கமே போகவில்லை என்று ஒரு புகார். என் மேஜையில் பட்ட வரை சொல்கிறேன். செமிப்லிமாப் என்ற அந்த வகை மருந்து 2018இல் அனுமதி பெற்றது, வெட்டி எடுக்க முடியாத ஸ்குவாமஸ் புற்றுக்கு. 2022இல் வந்த ஆய்வில், வெட்டக்கூடிய ஆனால் பெரிய கட்டி உள்ள 79 பேருக்கு முதலில் இந்த மருந்து, பிறகு அறுவை. அந்த 79 பேரில் 51 சதவீதம் பேருக்கு, வெட்டி எடுத்ததில் உயிரோடு ஒரு புற்றுச் செல்கூட இல்லை. முகத்தில் பாதியை இழக்க வேண்டியிருந்தவர்கள் அவர்களில் உண்டு. தைராய்டு, குடல், நுரையீரல் என்று உடம்பு தன்னையே தாக்கும் அபாயமும் கூடவே வரும். உறுப்பு மாற்றுக்காரருக்கு மாற்று உறுப்பையே உடம்பு நிராகரித்துவிடலாம், மச்சான் விஷயத்தில் ஞாபகம் வையுங்கள்.

20 நவம்பர்

மெல்பர்ன் அக்கா வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் மோஸ், மூக்கில் பேசல் செல். நீங்கள் கேட்டதற்கு: உணர்ச்சி மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு அடுக்கு வெட்டியதும் கட்டுப் போட்டு வெளியே உட்கார வைப்பார்கள், ஸ்லைடு தயாராக ஒரு மணி நேரம் ஆகும். லேப் மெதுவாக இருக்கிறது என்று ரிசப்ஷனில் கோபப்படாதீர்கள், உள்ளே யாரோ கொழுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரே அடுக்கில் முடிந்தாலும் முடியும், மூன்று நாலு ஆனாலும் ஆகும். மூக்கில் கட்டு இருந்தால் கண்ணாடி சரியாக உட்காராது, திரும்பும்போது நீங்கள்தான் ஓட்ட வேண்டும். இரண்டு மணி நேர பார்க்கிங்கில் மட்டும் காரை விடாதீர்கள்.